எலிகளுக்கு நீ கொடுத்த ஞாயிற்றுக்கிழமை

இன்று காலை எங்கள் அபார்ட்மென்ட்டில் களைக்கொல்லி அடித்தார்கள். நடைபாதைக் கற்களுக்கு நடுவே புல் முளைத்துவிட்டதாம். நேற்றே வாட்ஸாப் குழுவில் அறிவிப்பு வந்துவிட்டது: குழந்தைகளையும் நாய்களையும் மதியம் வரை கீழே விட வேண்டாம். அடிக்கிற ஆளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. முதுகில் டேங்க், காலில் ரப்பர் செருப்பு, மூக்கைச் சுற்றி ஒரு கைக்குட்டை. கையுறை கிடையாது. நான்காவது மாடியில் காப்பி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். வாசனை அங்கே வரை ஏறி வந்தது. நீ இதை 'அழுகிப்போன சோப்பு' என்பாய். ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இன்னும் நான் அழவில்லை. உன் அடக்கத்தன்று ஆஸ்டின் டவுன் மாதா கோவிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முன்னால் இருந்தவர்கள் எழுந்தபோதெல்லாம் எழுந்து, உட்கார்ந்தபோதெல்லாம் உட்கார்ந்தேன். உன் மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் தலைமுடியில் தேங்காய் எண்ணெய் அதிகம் என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்தேன், வேறொன்றும் தோன்றவில்லை. அதன்பின் வைட்ஃபீல்டுக்கு மெட்ரோ பிடித்து வீட்டுக்கு வந்து, சாதம் வைத்துச் சாப்பிட்டேன்.

நம் இருவரையும் சேர்த்து வைத்தது கம்பெனி வேன்தான். அப்போது நானும் ஆஸ்டின் டவுனில்தான் குடியிருந்தேன். காலை ஆறேகாலுக்கு மெயின் ரோட்டில் வேன் வரும். அத்திபெலே போகிற சாலையில், ஊரை நெருங்குவதற்கு முன்பே நம் ஆய்வுக்கூடம். வெளியிலிருந்து பார்த்தால் பிஸ்கட் கம்பெனி என்று நினைப்பார்கள். மருந்து, பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி எது வந்தாலும் முதலில் எலிகளுக்குக் கொடுத்து என்ன ஆகிறதென்று பார்ப்பது நம் தொழில். நீ விலங்குக்கூடத்தில். நான் ஸ்லைடு அறையில். உன்னிடம் உயிரோடு இருந்தவை என்னிடம் வரும்போது தாளைவிட மெல்லிய சீவல்களாக, கண்ணாடிக்கு நடுவே, இளஞ்சிவப்பும் ஊதாவுமாக இருக்கும். நான் அதிகம் பார்த்தது கல்லீரல். அதனால் எனக்கு நீ வைத்த பெயர் 'ஈரல்காரி'. வேனில் அத்தனை பேர் முன்னாலும் அப்படித்தான் கூப்பிடுவாய். முதல் வருடம் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு, நீ என்றைக்காவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்மேல் கோபமோ என்று சந்தேகம் வரும்.

எலிகளுக்குப் பெயர் வைக்கக்கூடாது என்பது விதி. நீ வைக்கவில்லை. ஆனால் பேசுவாய். திட்டுவதென்றால் தமிழ், கொஞ்சுவதென்றால் கன்னடம். ரகசியமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், உன் வீட்டுக்காரர் ஆட்டோ ஸ்டாண்டில் பேசுகிற உருது. ஒருமுறை வெளியிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் உன்னிடம், "யார்கிட்ட பேசிட்டு இருக்கீங்க?" என்று கேட்டார். "சும்னே சார், பாட்டு முணுமுணுக்கிறேன்" என்றாய். அவர் போனதும் கூண்டைப் பார்த்து, "பாத்தியா, உன்னால என் மானம் போச்சு" என்று தமிழில் திட்டினாய்.

ஒரு மதியம் கேன்டீனில் நடந்த பேச்சை மறக்கலாமென்று பார்க்கிறேன், முடியவில்லை. ஈஸ்டர் முடிந்த வாரம். உன் வீட்டுக்காரர் தவக்காலம் நாற்பது நாளும் குடிக்கவில்லை. வருடத்தில் அந்த நாற்பது நாள் மட்டும் அவர் கடவுளுக்குப் பயப்படுவார் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அந்த வருடம் ஏதோ இலவச முகாமில் ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார்கள். தாளைப் பையிலிருந்து எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய்.

"இன்னாடி இது, போன வருஷம் ஈரல் கெட்டுப்போச்சுன்னான் டாக்டரு. இப்ப எல்லாம் சரியா இருக்குன்னு வருது. மெஷின் ரிப்பேரா?"

"மெஷின் சரியாத்தான் இருக்கு. ஈரல் அப்படித்தான். கொஞ்சம் விட்டா தன்னையே சரி பண்ணிக்கும். ஒடம்புல வேற எதுவும் இந்த அளவுக்குப் பண்ணாது."

"நாப்பது நாள் போதுமா?"

"நாப்பது எதுக்கு, வாரத்துல ஒரு நாள் ஓய்வு குடுத்தாக்கூட அதுக்குப் பெரிய விஷயம்."

நான் வாயில் வந்ததைச் சொன்னேன். கொஞ்சம் உண்மை, கொஞ்சம் உன்னைச் சமாதானப்படுத்த. நீ தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாய். "ஒரு நாளு" என்று உனக்குள் சொல்லிக்கொண்டாய். நான் தயிர் சாதத்தில் ஊறுகாயைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அந்த வருடம்தான் களைக்கொல்லி வந்தது. எண்பது எலிகள், நான்கு குழு, பதின்மூன்று வாரம். ஒரு குழுவுக்கு வெறும் தண்ணீர், மற்ற மூன்றுக்கும் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று அளவு. நுனி உருண்டையான வளைந்த ஊசியை வாய் வழியாக இரைப்பை வரை விட்டுச் செலுத்த வேண்டும். தினமும், ஒரு நாள் தவறாமல். வார நாட்களில் உன்னோடு மேற்பார்வையாளரும் இன்னொரு ஆளும் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை நீ மட்டும். வேறு யாரும் அந்த ஷிஃப்டுக்குக் கை தூக்கவில்லை. காலைப் பூசையை விட்டுவிட்டு நீ போனாய்.

இந்தச் சோதனைகள் எதற்கென்று உன் மகள் ஒருமுறை கேட்டபோது நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும். எலியின் கல்லீரல் எந்த அளவில் கெடாமல் இருக்கிறதோ, அதை வைத்துத்தான் தெளிக்கிற மனிதனின் உடம்பில் எவ்வளவு படலாம் என்று கணக்குப் போடுவார்கள். எலி பொய் சொன்னால் மனிதன் மாட்டிக்கொள்வான். அவள் சிரித்தாள். நீயும் சிரித்தாய்.

பதின்மூன்று வாரம் முடிந்து ஸ்லைடுகள் என்னிடம் வந்தன. எது எந்தக் குழு என்று தெரியாமல்தான் படிப்போம். எண் மட்டும் இருக்கும், விவரம் உறைக்குள் இருக்கும். படித்து முடித்து உறையைப் பிரித்தபோது அதிக அளவுக் குழு நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. செல்கள் கொஞ்சம் வீங்கியிருந்தன, அங்கங்கே கொழுப்புத் துளிகள். அவ்வளவுதான். புதிதாகப் பிரிகிற செல்கள் மட்டும் நிறையத் தெரிந்தன. கல்லீரல் எதையோ சரிசெய்ய ஓடிக்கொண்டிருந்த அடையாளம். அதற்கு ஒரு காரணம் நானே கற்பித்துக்கொண்டு, 'லேசான மாற்றம்' என்று எழுதினேன். மேலாளர் வரைவைப் பார்த்துவிட்டு, "பரவாகில்லா, ஒள்ளே ரிசல்ட்டு" என்றார், நல்ல முடிவாம். திங்கட்கிழமை கையெழுத்து.

அதற்கு முந்தின சனிக்கிழமை வேனில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். நல்ல குஷியில் இருந்தாய்.

"நாளைக்குப் பூசைக்குப் போறேன்டி. பதிமூணு ஞாயிறு ஏன் வரலன்னு ஃபாதர் கேட்டா சொல்லுவேன், நானும் சும்மா இல்ல, ஓய்வு நாளை அனுசரிச்சேன்னு."

"வேலைக்குப் போயிட்டு என்ன அனுசரிச்சே?"

"நான் இல்லடி, அதுங்க." குரலைத் தாழ்த்தினாய். "ஞாயித்துக்கெழமன்னா எல்லாருக்கும் வெறும் தண்ணிதான். மருந்தை சிங்க்ல ஊத்திட்டேன். நீதானே சொன்னே, ஒரு நாள் விட்டா ஈரல் பொழச்சுக்கும்னு? மூணாவது ஞாயிறே அதுங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. அன்னிக்கு மட்டும் மூலைக்கு ஓடாது. கம்பியாண்ட வந்து நிக்கும்."

நீ என் முழங்கையில் இடித்து, "பேஜார் பண்ணிக்காத, எழுத்துல எல்லாம் கரெக்டா இருக்கு" என்றாய். மருந்து கொடுத்ததாகப் பதிவேட்டில் எழுதிவிட்டாய் என்று அர்த்தம். வேன் நெரிசலில் நின்றுவிட்டது. அங்கிருந்து ஆஸ்டின் டவுன் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் நீ உன் மகளுக்கு வாங்கப் போகிற செருப்பைப் பற்றிப் பேசினாய்.

எனக்கு உன்மேல் கோபம் வந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன். எத்தனை வருடமாக இந்த வேலையில் இருக்கிறாய், உனக்குத் தெரியாதா என்று கோபம். கேன்டீனில் வாய் விட்ட என்மேல் இன்னும் கோபம். ஞாயிறு முழுக்க வீட்டில் துணி மடித்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன். நீ சொன்னதை எழுதிக் கொடுக்காமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எழுதினால் உன் வேலை போகும். எழுதாவிட்டால் அந்த 'லேசான மாற்றம்' எண்ணாக மாறி, அச்சாகி, எங்கோ ஒருவன் கையுறை இல்லாமல் அந்த எண்ணை நம்பி டேங்கைத் தூக்குவான்.

திங்கட்கிழமை வேனுக்கு முன்பே உன்னைத் தெருமுனையில் பிடித்தேன். "எழுதப் போறேன்" என்றேன்.

நீ உடனே புரிந்துகொண்டாய். முந்தானையை இழுத்துச் சொருகினாய். "எழுது. நீ வேற இன்னா பண்ணுவே. பாத்ததத்தானே எழுதுவே."

"வேலை போயிடும்டி."

"போவட்டும். வேற பாத்துக்கறேன்." இரண்டு அடி நடந்துவிட்டு நின்றாய். அப்போதுதான் உனக்கு உறைத்தது. "இரு. அப்ப இது செல்லாதா?"

"செல்லாது."

"திரும்பவும் பண்ணுவாங்களா? முதல்லேர்ந்தா? எண்பதா?"

நான் தலையாட்டினேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். எதற்கும் யாரிடமும் கெஞ்சாதவள் நீ. பள்ளிக்கூடத்தில் மகளுக்கு இடம் கேட்கப் போனபோதுகூட சண்டை போட்டுத்தான் வாங்கினாய். அன்று கெஞ்சினாய். "என்னை அனுப்பிடச் சொல்லு. போலீஸ்ல வேணா குடுக்கச் சொல்லு. திரும்ப ஆரம்பிக்க வேணாம்னு மட்டும் சொல்லுடி. உன் பேச்சைக் கேப்பாங்க."

"அது என் கையில இல்ல" என்றேன். வேன் வந்தது. நீ ஏறவில்லை.

அன்று பத்து மணிக்கு எழுதிக் கொடுத்தேன். பன்னிரண்டுக்கு உனக்குப் போன் போட்டு வரச் சொன்னார்கள், நான்கு மணிக்கு உன் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். மேலாளர் என் மேஜைக்கு வந்து, "நீவு மாடித்து சரி" என்றார். செய்தது சரிதான் என்று அதன் பிறகு எத்தனை பேர் சொன்னார்கள் தெரியுமா? நானும் சொல்லிக்கொண்டேன். சரி என்கிற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது ஒரு சத்தம் மட்டும்தான் என்று தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது முறை வந்த முடிவை உனக்கு நான் சொன்னதில்லை, நீ கேட்டதும் இல்லை. உறையைப் பிரிக்கும் முன்பே எந்த ஸ்லைடு எந்தக் குழு என்று தெரிந்துவிட்டது. நடு ரத்தக்குழாயைச் சுற்றி செல்கள் செத்துக் கிடந்தன. மிச்சம் இருந்தவை கொழுப்பால் உப்பியிருந்தன. பிரிகிற செல்களைத் தேடினேன், அதிகம் இல்லை. ஓய்வு கிடைக்காத கல்லீரலுக்கும் கிடைத்ததற்கும் அவ்வளவு வித்தியாசம் இருந்தது. ஆக, நீ செய்தது உண்மையிலேயே வேலை செய்திருக்கிறது. அதுதான் தப்பாகவும் போயிற்று. அனுமதிக்கக்கூடிய அளவு என்று போன எண் முதலில் இருந்ததைவிடக் குறைந்தது. அதனால் யாரோ சிலர் பிழைத்திருக்கலாம். அவர்களை நான் பார்த்ததில்லை.

நீ ஃப்ரேசர் டவுன் பக்கம் ஒரு பிராணி மருத்துவமனையில் நாய்களைக் குளிப்பாட்டும் வேலைக்குப் போனாய். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டிலிருந்து எனக்கு வழக்கமாக வரும் கல்கல் பலகாரம் வரவில்லை. அடுத்த வருடம் வந்தது. பழைய பால் பவுடர் டப்பாவில், மேலே ரோஸ் குக்கி நாலு, கீழே கல்கல். உன் மகள்தான் கொண்டுவந்தாள். "அம்மா டப்பாவைத் திருப்பிக் குடுக்கச் சொன்னாங்க" என்றாள். நீ கோபம் தணிந்துவிட்டாய் என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். டப்பாவைத் திருப்பிக் கொடுக்க நானே வந்தேன். வாசலில் வைத்து, "இளைச்சுட்டே ஈரல்காரி" என்றாய். பழைய கதையை இருவரும் பேசவில்லை. நான் வைட்ஃபீல்டுக்கு வீடு மாறிய பிறகும் வருடா வருடம் டப்பா வந்தது.

பிப்ரவரியில் உனக்குக் காய்ச்சல் என்றார்கள். பிறகு நிமோனியா என்றார்கள். எட்டு நாள். நாம் வேலை செய்த இடத்தின் ரசாயனமா என்று உன் வீட்டுக்காரர் என்னைக் கேட்டார், நான் இல்லை என்றேன். அது வெறும் நிமோனியாதான். யாருக்கும் வருவது.

ஆறாவது நாள் நான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பார்வையாளர் நேரம் மாலை நாலிலிருந்து ஐந்து. நீ கண்ணை மூடியிருந்தாய், நான் ஸ்டூலை இழுத்ததும் திறந்தாய். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாய். மகளைப் பற்றிச் சொல்வாய், வீட்டைப் பற்றிச் சொல்வாய் என்று நினைத்தேன்.

"ஈரல்காரி."

"சொல்லுடி."

"அந்த ரெண்டாவது எண்பது. அதுங்களுக்கு ஞாயித்துக்கெழம யாரு போனா?"

இத்தனை வருடம் கழித்துக் கேட்டாய். நான் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தேன். "தெரியலடி. யாரையோ போட்டாங்க."

"என்னை மாதிரி லூசு யாராச்சும் இருந்திருப்பாங்க இல்ல? பதிமூணும் இல்லன்னாலும் ஒண்ணு ரெண்டு?"

"இருந்திருப்பாங்க."

"இருந்திருப்பாங்க" என்று நீயும் சொன்னாய். உன் முகம் இலேசாகியது, நான் பார்த்தேன். என் கையைத் தட்டிக்கொடுத்தாய், ஏதோ நான்தான் படுக்கையில் இருப்பது போல. பிறகு தூங்கிவிட்டாய். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். அன்று உன்னை வேலையிலிருந்து அனுப்பிய பிறகு, இரண்டாவது எண்பதுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லை. மேலாளர் யார் வருகிறீர்கள் என்று கேட்டார். நான் கை தூக்கினேன். பொறுப்பென்று தூக்கினேனா, தண்டனையென்று தூக்கினேனா என்று இன்றுவரை தெரியவில்லை. வேறு எவரும் போனால் இன்னொரு தவறு நடந்துவிடும், அதன்பின் மூன்றாவது எண்பது வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிறு தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்தேன். அறையில் யாருமில்லை. காற்றுக் குழாயின் சத்தம் மட்டும். சிங்க் இரண்டடி தூரத்தில் இருந்தது. அதிக அளவுக் குழுவின் கூண்டுகளைப் பார்த்தேன், எல்லாம் மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒண்டிக்கொண்டிருந்தன. ஒன்றுகூடக் கம்பியருகே வரவில்லை. பாட்டிலை வைத்துவிட்டு, மருந்து பாட்டிலைக் குலுக்கி, முதல் எலியை எடுத்தேன். கழுத்துப் பின்புறத்துத் தோலைப் பிடித்துத் தூக்கினால் அதன் நெஞ்சு நம் விரலில் படபடக்கும், உனக்குத் தெரியும். அளவு சரியாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டேன்.

உன் இடத்தில் எந்த லூசும் இருக்கவில்லை. நான் இருந்தேன். பதின்மூன்று ஞாயிறும் போனேன், பதின்மூன்று ஞாயிறும் முழு அளவு கொடுத்தேன், கொடுத்ததாக எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஒருமுறைகூட என் கை நடுங்கவில்லை. அந்தக் கைதான் இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசியாக நீ தட்டிக்கொடுத்ததும் அதைத்தான்.